செம்பூர்ப் பெண்ணும் மார்னிங் ஸ்டார் கிளப்பும்

தாராவி, பம்பாய் – 17
ஆகஸ்ட் 1964

மகா கனம் பொருந்திய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வேதமுத்து தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே தாங்களும் அக்காளும் பிள்ளைகளும் மாதாவின் தயவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தூத்துக்குடியில் ஒரு சொட்டு மழையில்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே பெய்கிறதில் பாதியை அனுப்ப வழியிருந்தால் இந்தக் கவரிலேயே மடித்து வைத்திருப்பேன். அக்காளின் முட்டுவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிற ஆள் யாராவது அகப்பட்டால் கொடுத்தனுப்புகிறேன்.

நிற்க. செம்பூர்ப் பெண் விஷயம் என்னவாயிற்று, பெண் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லையே, நீ என்ன செய்து தொலைத்தாய் என்று கேட்டிருந்தீர்கள். 'செய்து தொலைத்தாய்' என்பது அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதிய வார்த்தை என்று எனக்குத் தெரியும். வார்த்தையில் தப்பொன்றுமில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன். படித்து முடித்ததும் பெண்ணின் தகப்பனாருக்கு, உங்கள் பள்ளிக்கூடத்து சிநேகிதர்தானே, பக்குவமாக ஒரு கடிதம் போட்டு இந்தச் சம்பந்தத்தை முறித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது, அத்தான். இதற்கு மேல் பெண் பார்க்கவும் வேண்டாம், பெண் என்னைப் பார்க்கவும் வேண்டாம்.

சம்மதம் சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு ஒரு சாயங்காலம் பேசிப் பார்க்க வேண்டும், எங்கே என்பதை மாப்பிள்ளையே சொல்லட்டும் என்று பெண் கேட்டதாகத் தாங்கள்தான் எழுதினீர்கள். லூசியம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்க முகம் தெரியாத ஆட்களோடு பேசுகிற பெண், கட்டிக்கொள்ளப் போகிறவனோடு கொஞ்ச நேரம் பேச ஆசைப்பட்டதில் குற்றமே கிடையாது. இடம் சொல்லுகிற பொறுப்பை என்னிடம் விட்டதுதான் குற்றம். ஹேங்கிங் கார்டன் இருக்கிறது, ஜூஹு கடற்கரை இருக்கிறது, மாட்டுங்காவில் திரும்பின பக்கமெல்லாம் காபி ஓட்டல் இருக்கிறது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாட்டுங்கா மைதானத்தில் எங்கள் மார்னிங் ஸ்டார் கிளப்புக்கு ஆட்டம்.

மார்னிங் ஸ்டாரைப் பற்றித் தங்களுக்கு ஓரளவு தெரியும். அக்காளுக்கு முழுக்கத் தெரியாமல் இருப்பது நல்லது. தாராவியில் தோல் பதனிடுகிறவர்களும் பை தைக்கிறவர்களும் என்னைப்போல ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்களுமாகச் சேர்ந்து நடத்துகிற கால்பந்துக் கிளப். செகரட்டரி கரீம் பாட்சா, காயல்பட்டணத்துக்காரர், தோல்பை பட்டறை வைத்திருக்கிறார். பம்பாயில் உள்ள மற்றக் கிளப்புகளுக்கெல்லாம் எங்களோடு மோதுவதென்றால் தனிப் பிரியம். அதற்குக் காரணம் எங்களுடைய நல்ல சுபாவம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் சாதாரண ஆட்டமில்லை. தோற்றால் லீக்கில் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோம். அப்படிப்பட்ட நாளில் நான் கடற்கரையில் உட்கார்ந்து ஒரு பெண்ணிடம் உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? மனது எங்கே இருக்கும்? தவிரவும் ஒரு நியாயம் யோசித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு எப்படியும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நான் மைதானத்தில்தான் நிற்கப் போகிறேன். அதை மறைத்துத் தாலி கட்டினால் அது மோசடி. என் ஆசையை அவளுக்கு முதலிலேயே காட்டிவிட வேண்டும், காட்டினால் அவளுக்கும் தொற்றிக்கொள்ளும் என்று நம்பினேன். கரீம் பாட்சாவிடம் யோசனை கேட்டதற்கு, கால்பந்து விஷயத்தை முதல் பிள்ளை பிறந்த பிறகு மெதுவாகச் சொன்னால் போதும் என்றார். அவர் அனுபவஸ்தர். நான் கேட்கவில்லை.

கிங்ஸ் சர்க்கிள் பஸ் ஸ்டாப்பில் புதுச் சட்டையும் புது பூட்ஸுமாக நின்றேன். செம்பூர் பஸ்ஸிலிருந்து முதலில் ஒரு பெரிய குடை இறங்கியது. குடைக்குப் பின்னால் பெண்ணின் தாயார் சேசம்மாள் இறங்கினார், கையில் ஒரு தூக்குச்சட்டி. எல்லாருக்கும் பின்னால் லூசியம்மாள். போட்டோவில் இருந்ததைவிட உயரம். என்னைப் பார்த்ததும் தலையைக் குனியவில்லை, நேராகப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அத்தான், தங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. அதனால்தான் இவ்வளவு வருத்தமும். தாயார் தூக்குச்சட்டியைத் தட்டிக் காட்டி, தம்பிக்கென்று முந்திரிக்கொத்து பண்ணிக் கொண்டுவந்திருக்கிறேன், உட்கார்ந்து பேசும்போது சாப்பிடலாம் என்றார். உட்காருகிற இடமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மைதானத்துக்கு நடக்கிற வழியில் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். தாயார் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை, ஏதோ கோவில் திருவிழாவுக்கு விளையாட்டுப் போட்டி என்று நினைத்துக்கொண்டார். லூசியம்மாள்தான் கேட்டாள்.

"நீங்களும் ஆடுவீங்களா?"

"இல்ல."

"அப்போ அங்க என்ன செய்வீங்க?"

"நிப்பேன்."

"நின்னு?"

"பார்ப்பேன். சத்தம் போடுவேன். தோத்த பிறகு கொடிக்கம்பெல்லாம் எடுத்துக்கிட்டு எல்லாரும் சேர்ந்து வருவோம்."

அச்சா என்றாள். பம்பாய்ப் பெண்கள் அச்சா சொல்வதில் நாற்பது அர்த்தம் இருக்கிறது. இது எந்த அச்சா என்று யோசித்துக்கொண்டே மைதானம் வந்து சேர்ந்தேன். 'தோத்த பிறகு' என்று என் வாயிலிருந்து ஏன் வந்தது என்பதையும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

எதிர்க் கட்சி செம்பூர் யங்மென்ஸ். இது எனக்கு முன்கூட்டியே தெரியும். பெண்ணும் செம்பூர் என்பதும் தெரியும். இரண்டையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கிற புத்தி மட்டும் எனக்கு வரவில்லை. ஆட்டம் தொடங்கின கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இந்த வருஷம் எங்கள் ஆட்களுக்குப் புதுச் சட்டை, வெள்ளையில் நெஞ்சுக்கு நேரே சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரத்தைக் கரீம் பாட்சா தம் பட்டறையில் தோலுக்குப் போடுகிற சாயத்தை வைத்தே எழுதியிருந்தார். தோலில் நிற்கிற சாயம் துணியில் நிற்கவில்லை. மழையில் நட்சத்திரம் கரைந்து வழிந்து, பதினோரு பேரும் நெஞ்சில் கத்திக்குத்துப் பட்டவர்களைப் போல ஓடிக்கொண்டிருந்தார்கள். ரெஃப்ரீ இரண்டு தடவை ஆட்டத்தை நிறுத்தி, யாருக்கு அடிபட்டது என்று கிட்டே போய்ப் பார்த்தார். சேசம்மாள் செபமாலையை எடுத்துவிட்டார். நான் இது சாயம்தான் அம்மா என்று விளக்கினேன். சாயமென்றால் ஏன் ஒருத்தரும் நிமிர்ந்து நடக்கவில்லை என்று கேட்டார். அதற்குள் நாங்கள் ஒரு கோல் வாங்கியிருந்தோம்.

நான் லூசியம்மாள் பக்கத்தில் நின்று என்னுடைய ஆட்கள் ஒவ்வொருவராகக் காட்டினேன். இவன் இன்னார், இவனுக்கு இடதுகால் மட்டும்தான் வரும், இவன் பந்தைக் கொடுக்க மாட்டான் ஆனால் நல்லவன், கோலில் நிற்கிறது சலாவுதீன், அவனுக்குக் கண்ணாடி இல்லாமல் தூரம் தெரியாது, கண்ணாடியோடு ஆட விட மாட்டேன் என்கிறார்கள். அவள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். ஆஃப்சைடு என்றால் என்ன என்றாள். வாழ்க்கையில் ஒரு பெண் என்னிடம் ஆஃப்சைடு கேட்பாள் என்று நான் எதிர்பார்த்ததே கிடையாது. அப்படியே உற்சாகம் பொங்கிவிட்டது. ஒரு கொடிக்கம்பின் நுனியால் மண்ணில் கோடு போட்டு, மழையில் கோடு அழிய அழியத் திரும்பவும் போட்டு, புரிகிற வரைக்கும் சொன்னேன். புரிந்துகொண்டாள். அடுத்த ஐந்தாவது நிமிஷம் எங்கள் தாவீது ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு கோல் போட்டான். நாங்கள் எல்லாரும் துள்ளிக் குதித்தோம். லூசியம்மாள் குதிக்கவில்லை. பந்து வரும்போது அவர் அந்தப் பக்கமாகவே நின்றாரே, இது நீங்கள் சொன்ன ஆஃப்சைடு இல்லையா என்று நிதானமாகக் கேட்டாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ரெஃப்ரீயும் அதையே ஊதிவிட்டார்.

இதற்கிடையில் தாயாரைக் காணோம். தேடினால், செம்பூர் கோலுக்குப் பின்னால் குடையோடு நிற்கிறார். நடந்தது என்னவென்றால், பந்து முழுக்க எங்கள் கோலுக்கு முன்னாலேயே கிடந்ததால், செம்பூர் கோல்கீப்பருக்கு வேலையே இல்லை. ஒல்லியான ஆள், மழையில் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். சேசம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. நான் போய் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இந்தப் பிள்ளைய மட்டும் ஏம்ப்பா சேர்த்துக்க மாட்டேங்காவ? பாவம், அப்பமே புடிச்சி ஒத்தையில நிக்கான்."

அவன் அங்கேதான் நிற்க வேண்டும், அதுதான் அவன் வேலை என்று சொன்னேன். அந்த அம்மாள் நம்பவில்லை. நான் பார்க்கப் பார்க்கத் தூக்குச்சட்டியைத் திறந்து, எனக்கென்று செம்பூரிலிருந்து கொண்டுவந்த முந்திரிக்கொத்தை எதிர்க் கட்சி கோல்கீப்பருக்கு எடுத்துக் கொடுத்தார். அவனும் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டான். அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எங்கள் ஆட்கள் ஒருவர்கூட அந்தப் பக்கம் வரவில்லை என்பதைத் தங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

நான் திரும்பி வந்தபோது செம்பூர் இரண்டாவது கோலைப் போட்டது. எனக்குப் பக்கத்தில் கைதட்டுகிற சத்தம் கேட்டது. லூசியம்மாள். நான் பார்த்ததும் கையை நிறுத்தினாள், ஆனால் வெட்கப்படவில்லை. நல்லா ஆடுறாங்க, நான் செம்பூர்தானே என்றாள். கரீம் பாட்சா கேட்காதவர்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனிதரின் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன்.

ஹாஃப் டைமில் மழை கொஞ்சம் விட்டது. அப்போது அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இந்த ஊரில் எத்தனையோ நல்ல கிளப் இருக்கிறதே, நீங்கள் ஏன் இவர்களுக்காக நிற்கிறீர்கள் என்றாள். இதை ஒருவரும் இதுவரைக்கும் என்னிடம் கேட்டதில்லை, அத்தான். ஒர்க்‌ஷாப்பில் கேலி பண்ணுவார்கள், கேட்க மாட்டார்கள். நானும் யோசித்ததில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் இங்க வந்த புதுசுல எனக்கு ஹிந்தி தெரியாது. ஒரு மனுசனயும் தெரியாது. வேலைக்குப் போவேன், வந்து படுப்பேன். ஒரு ஞாயித்துக்கெழம சும்மா இந்தப் பக்கம் வந்து நின்னேன். ஒரு ஆளு சட்டையக் கழத்தி எங்கிட்டக் குடுத்து, பிடிச்சிக்கோலேன்னான். தமிழ்ல. அடுத்த வாரம் காய்ச்சல், வரல. அதுக்கடுத்த வாரம் வந்தப்ப, போன வாரம் எங்கலே போனன்னு கேட்டான். இந்த ஊர்ல நான் வரலன்னா கேக்குறதுக்கு அப்போ வேற ஆள் கெடையாது."

அவள் எங்கள் ஆட்களை ஒருவர் ஒருவராகத் திரும்பிப் பார்த்தாள். நான் பாதி ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஆட்டம் திரும்பத் தொடங்கியது, செம்பூர் மூன்றாவது கோலைப் போட்டது, அவள் கைதட்டினாள்.

இவ்வளவோடு முடிந்திருந்தாலும் மோசமில்லை. முடிகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மூன்று கோல் வாங்கினவர்களுக்கு ஒரு பெனால்டி எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். இந்த வருஷம் முழுக்க செம்பூருக்கு எதிராக நாங்கள் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. கீழே இறங்கினாலும் ஒரு கோலைப் போட்டுவிட்டு இறங்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு வெறி. தாவீது பந்தை வைத்தான். தாராவிக்காரர் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கோலுக்குப் பின்னால் சேசம்மாள் செபமாலை உருட்டுகிறார், யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை. தாவீது உதைத்தான். முந்திரிக்கொத்து தின்ற கோல்கீப்பர் ஒரு பக்கமாக விழுந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சேசம்மாள் குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டி, எம்புள்ள எம்புள்ள என்றார்.

அத்தான், அப்போது நான் என் நிலையில் இல்லை. "நீங்க கொஞ்சம் வாய மூடிக்கிட்டு நில்லுங்கம்மா" என்று மைதானம் முழுக்கக் கேட்கிறாற்போல் கத்திவிட்டேன். எனக்கு மாமியாராக வர வேண்டியவரைப் பார்த்து. செம்பூர் ஆட்கள்கூடச் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாள் கீழே கிடந்த குடையை எடுத்து, சேற்றைத் துடைத்து, மடக்கிக்கொண்டார். மழை திரும்பவும் பெய்துகொண்டிருந்தது, ஆனாலும் விரிக்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட அவமானம் மூன்று கோலையும் சேர்த்தால்கூட வராது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் மூன்று பேரும் மழையில் நனைந்துகொண்டே நடந்தோம். ஒரு காபி வாங்கித் தரக்கூட எனக்குத் தோன்றவில்லை. பஸ் வந்தது. ஏறுகிற நேரத்தில்தான் எனக்கு வாய் வந்தது, அம்மா தெரியாமல் சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. லூசியம்மாள் படியில் நின்று திரும்பி என்னமோ சொன்னாள். கண்டக்டர் மணியடித்துவிட்டான். என்ன சொன்னாள் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். நல்ல வார்த்தையாக இருக்க வழியில்லை.

அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறேன், வருகிறேன். சோறு இறங்கவில்லை. போன வாரம் கரீம் பாட்சாவிடம் போய், இனி என்னைக் கிளப்பில் எதிர்பார்க்க வேண்டாம், இந்தக் கிளப்பால் எனக்கு வாழ்க்கை போயிற்று என்று சொல்லிவிட்டேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, சரி, ஞாயிற்றுக்கிழமை கொடிக்கம்புகளை யார் தூக்குவது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போ என்றார். ஞாயிற்றுக்கிழமை அறையில் படுத்துக் கூரையில் மழை விழுகிறதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெண்ணும் இல்லாமல் கிளப்பும் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எப்படியானாலும் முடிவு முடிவுதான். பெண்ணின் தகப்பனாருக்கு எழுதிவிடுங்கள். என்மேல்தான் தப்பு என்று எழுதுங்கள். தாயாரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகத் தனியாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்ணைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டாம், அவளிடம் குறையில்லை. அக்காள் அழுவாள். ஒரு நாள் அழுதால் சரியாகிவிடும் என்று சொல்லுங்கள். எனக்கு இனிமேல் கல்யாணமும் வேண்டாம், கால்பந்தும் வேண்டாம், வேலைக்குப் போய் வந்து பூசை பார்த்துக்கொண்டு மிச்ச நாளைக் கழித்துவிடுவேன்.

பெரியவன் பரீட்சையில் தேறியதற்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கள். சின்னவளுக்கு முத்தம். பனிமய மாதா உங்கள் எல்லாரையும் காக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
ம. வேதமுத்து

பின்குறிப்பு: கவரை ஒட்டாமல் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன், தபாலில் போடுவதற்காக. போர்மேன் ரூமுக்கு எனக்கு டெலிபோன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். எனக்கு இந்தப் பிறவியில் டெலிபோன் வந்ததில்லை, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடினேன். லூசியம்மாள். போர்மேனும் நாலைந்து பேரும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்ததால் நான் ம், ம் என்பதைத் தவிர அதிகம் பேசவில்லை. அவள்தான் பேசினாள். அம்மாவுக்கு மழையில் நனைந்து நல்ல காய்ச்சலாம், இப்போதுதான் எழுந்து நடமாடுகிறாராம், அதனால்தான் தகவல் சொல்லவில்லையாம். கோபம் உண்டா என்று கேட்டேன். வீட்டில் அப்பா இருபத்தைந்து வருஷமாக வாயை மூடு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், அம்மா அதையெல்லாம் காதில் வாங்குவதில்லை என்றாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்கு அதே மைதானத்தில் ஆட்டம் இருக்கிறது, அம்மாவும் நானும் போகிறோம், நீங்களும் வர வேண்டும் என்றாள். நான் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டேன்.

"எம்பக்கம் நில்லுங்க. போதும்" என்றாள்.

ஆகவே, மேலே எழுதியிருக்கிறது எதையும் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். திரும்ப எழுத நேரமில்லாததால் அப்படியே அனுப்புகிறேன். பெண்ணின் தகப்பனாருக்கு உடனே எழுதி, கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க நாள் பார்க்கச் சொல்லுங்கள். கரீம் பாட்சாவிடம் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. செம்பூர்க்காரர்கள் நீலச் சட்டை போடுகிறவர்கள். எனக்கு நீலம் எடுக்குமா என்று அக்காளிடம் கேட்டு மறுதபாலில் எழுதவும்.

– வே.